ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது

"ஒரு சொட்டு! இனிமே ஒரு சொட்டுத் தண்ணி அந்தப் புதருக்குப் போச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

"வேணாம் அண்ணி. ஒரு சொட்டும் வேணாம். நீங்களே கொண்டு வந்து ஊத்தினாலும் வேணாம்."

"நான் எதுக்கு ஊத்துறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

"அதை நான் சொல்லலையே. நீங்கதான் சொல்றீங்க."

"ஏங்க! கேட்டீங்களா உங்க தங்கச்சி பேசுறதை?"

'ஏங்க' கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டதாகக் காட்டிக்கொண்டால் ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டிவரும் என்பதால், பின்வாசல் படியில் உட்கார்ந்து ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த செருப்பை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஒட்டுக் கேட்கிற ஆள் இல்லை. என் சமையலறை ஜன்னல் அவர்கள் வீட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அதற்கு வீட்டைக் கட்டியவனைத்தான் கேட்க வேண்டும். தவிர, அந்த அண்ணி பேசுவதைக் கேட்க ஜன்னலே தேவையில்லை. தெருவில் அவளுக்குச் சைரன் என்றுதான் பெயர். அவள் 'ஏங்க' என்று கூப்பிட்டால் நாலு வீட்டுக் கணவன்மார்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளுடைய கணவரை நாங்கள் மீட்டர் என்போம். தண்ணீர் ஆபீசில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடிய எண்ணைக் குறித்துக்கொண்டு வருபவர். யார் வீட்டுத் தோட்டத்தில் குழாய் சொட்டுகிறது, யார் வண்டியைக் கழுவுகிறேன் என்று தெருவையே கழுவுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதையெல்லாம் வெளியே சொல்ல மாட்டார். எனக்கு அது பெரிய நஷ்டம்.

தங்கச்சிக்குப் பெயர் சோப்பு. சோப்புத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவள். மெஷின் வந்து அவளையும் கூட இருந்தவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. இப்போது ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் நாள் முழுக்க வேலை. தொழிற்சாலையை விட்டும் அவள் மேல் சோப்பு வாசனை போகவில்லை. அவள் கடந்து போனால் தெரு துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கும். ஒரே ஒரு ஆளுக்குத்தான் அந்த வாசனை தெரியாது, அவளுக்கு. அத்தனை வருஷம் வாசனைக்குள்ளேயே உட்கார்ந்து உட்கார்ந்து மூக்கு மரத்துப் போயிருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

சண்டை எதற்கு என்றால், செடிக்கு.

எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற மலையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு புதர்ச்செடி முளைக்கும். இலை சாம்பல் பூசின மாதிரி இருக்கும், தொட்டால் பழைய கம்பளியைத் தொட்டது போல் சொரசொரக்கும், ஊதாப் பூ பூக்கும். புத்தகத்தில் சேஜ் என்று போட்டிருக்குமாம். நாங்கள் சாம்பல் இலை என்போம். ஆடு தின்னாது. நாய்கூட மோந்து பார்த்துவிட்டுத் தும்மும். அதனால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

சோப்புக்குத் தோன்றியிருந்தது. தொழிற்சாலைக்கு வரும் எண்ணெய் டப்பாக்களில் இந்த இலையிலிருந்து இறக்கிய எண்ணெயும் ஒன்று. சோப்புக்குப் போடுவார்கள், பல் மருந்துக்குப் போடுவார்கள், வாய் கொப்பளிக்கிற தண்ணீருக்குப் போடுவார்கள். ஒரு வண்டி இலையைப் பெரிய பானையில் அடைத்து ஆவி விட்டால், குளிர்ந்த தண்ணீரின் மேல் மெல்லிசாக மிதக்கும் அந்த எண்ணெய் ஒரு செம்பு தேறினால் பெரிது. அதனால்தான் அதற்கு அந்த விலை. அந்த எண்ணெயை இறக்கித் தொழிற்சாலைக்குக் கொடுத்தவள் ஒரு பெண்மணி, கறுப்புக் கண்ணாடி போட்டு வேனைத் தானே ஓட்டிக்கொண்டு வருபவள். எண்ணெய்க்காரம்மா என்று கூப்பிடுவார்கள். வேலை போகிற நேரத்தில் சோப்பு அவளிடம் கேட்டிருக்கிறாள்.

"மலையில இப்ப கெடைக்கிறதில்லம்மா," என்றாளாம் எண்ணெய்க்காரம்மா. "கிளைய வெட்டுங்கடான்னா வேரோட புடுங்கிட்டுப் போயிட்டானுங்க. காவல் போட்டுட்டாங்க. நீ வளர்த்துக் கொடு, வாங்கிக்கிறேன். ஆனா மலை வாசம் இருக்கணும். பார்வைக்கு அழகா இருக்குன்னு நான் வாங்க மாட்டேன்."

சோப்பு மலைக்குப் போய்க் காவல்காரரிடம் கேட்டு, பூக்காத இளங்கிளைகளாகப் பார்த்துக் கிள்ளி வந்தாள். மணலில் குத்தி, ஈரச் சாக்கு மூடி, வேர் பிடிக்கிறவரை குழந்தையைப் பார்த்த மாதிரி பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவு நிலத்தில், பழைய சுவர் இடித்த கல்லும் சுண்ணாம்பும் கொட்டிக் கிடந்த இடத்தில், வரிசை வரிசையாக நட்டாள். நட்ட புதிதில் குழாயை இழுத்துப் போட்டுத் தண்ணீர் விட்டாள். அன்றைக்குத்தான் சைரன் ஊதியது.

அந்த நிலத்தில் அண்ணிக்கு வேறு கனவு. அங்கே ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விடுவது. மேஸ்திரி வந்து அளந்துகூடப் போயிருந்தார். 'ஒரு சொட்டுத் தண்ணி கூடாது' என்ற வார்த்தை அப்படி வந்ததுதான். அதற்கு சோப்பு 'வேணாம்' என்றது ரோஷத்தில் இல்லை. வேர் பிடித்த பிறகு அந்தச் செடிக்கு உண்மையிலேயே தண்ணீர் வேண்டாம். "அதுக்குப் பசி வேணும்க்கா," என்று என்னிடம் சொன்னாள். "மலையில யாரு ஊத்துறா? காய்ஞ்சாத்தான் இலையில எண்ணெய் ஏறும்."

ஆக, அந்த இரண்டு பேரும் அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்திச் சொன்னது ஒரே விஷயம். இப்படி ஒரு ஒற்றுமையான சண்டையை நான் பார்த்ததில்லை. ஆனால் தெரு என்ன பேசிற்று? 'பாவம், சொந்த அண்ணன் வீட்டுல ஒரு சொம்புத் தண்ணிக்கு வழியில்ல. அந்தப் பொண்ணு ரோஷக்காரி, வேணாம்னு சொல்லிடுச்சு.' பால் வாங்கப் போன இடத்தில் இதைச் சைரன் காதுபடவே இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள்.

கடைசியில் மீட்டர் செருப்பைக் கீழே வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு அறுப்பு. அடுத்த வருஷம் மொட்டு விடும்போது அந்தம்மா வந்து பார்க்கட்டும். வாங்கினா நிலம் செடிக்கு. வாங்கலைன்னா ரூமுக்கு. அதுக்கப்புறம் யாரும் பேசக் கூடாது."

"வாங்கலைன்னா இவ?" என்றாள் சைரன்.

"வாங்கலைன்னா நான் சின்ன அண்ணன் வீட்டுக்குப் போயிடுறேன்," என்றாள் சோப்பு. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சின்ன அண்ணன் வேறு ஊரில் இருந்தார். அவருக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் ஒன்றை ஒன்று கடித்து வைக்கும். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவர் மனைவி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூங்குவதற்கு இடம்கூடச் சொல்லியாகிவிட்டது: வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், நடையில். ஹோட்டலில் நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் நிற்பவளுக்கு ராத்திரியிலும் அந்தத் துணை இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

செடி வளர்ந்தது. அது எப்படி வளர்ந்தது என்று பார்க்கத்தான் என் ஜன்னல் இருக்கிறதே.

சோப்பு விடிவதற்கு முன்பே ஷிப்டுக்குக் கிளம்பிப் போவாள். அவள் தெருமுனை திரும்பியதும் பின்கதவு திறக்கும். வாளியோடு சைரன் வருவாள். அந்த நேரத்தில் மட்டும் சத்தமே இருக்காது. வாளி வளையம் கிணுகிணுக்கக் கூடாது என்று துணி சுற்றி வைத்திருந்தாள். வரிசை வரிசையாக ஊற்றுவாள். சில நாள் பாத்திரம் கழுவின தண்ணீர், சில நாள் நல்ல தண்ணீர். சும்மா ஊற்ற மாட்டாள், திட்டிக்கொண்டே ஊற்றுவாள். உதடு அசைவது ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். செடி செத்துப்போனால் 'அண்ணி வாய் வச்சா, அதான் கருகிப்போச்சு' என்று தெரு சொல்லும் அல்லவா? அந்தப் பேச்சுக்கு அவள் ஆளாகத் தயாராக இல்லை. ரூம் வேண்டும், ஆனால் பழி கூடாது. செடி நன்றாக இருக்க வேண்டும், அதையும் அந்த எண்ணெய்க்காரம்மா தானாகவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இது அவளுடைய கணக்கு.

சாயங்காலம் மீட்டர் வருவார். கையில் ஆபீஸ் கேன். தங்கச்சிக்கு ஒரு உபகாரம், வீட்டு மீட்டரும் ஓடக் கூடாது என்று ஆபீசிலிருந்தே சுமந்து வந்த தண்ணீர். மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்துச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, காலியான கேனைத் தட்டிப் பார்த்துக்கொண்டே உள்ளே போவார். மனுஷன் நேர்மையானவர் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

இருவரில் ஒருவருக்கும் மற்றவர் ஊற்றுவது தெரியாது. சோப்புவுக்கு இருவர் ஊற்றுவதுமே தெரியாது. அவள் வீடு வருவது இருட்டின பிறகு. அவளுக்கு லீவு நாளில் வாளியும் வராது, கேனும் வராது. எனக்குத் தெரியும், என்னிடம் டீ குடிக்க வருகிற எல்லோருக்கும் தெரியும். வெளியே கத்திக்கொண்டாலும் உள்ளுக்குள் எப்படி ஒரு பாசம் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். பசி கிசி என்று சோப்பு சொன்னதை யார் நினைவில் வைத்திருந்தார்கள்? அதை ரோஷக்காரியின் பேச்சு என்றே எடுத்துக்கொண்டிருந்தோம்.

இதில் ஒரு கூத்து. மாசக் கடைசியில் வீட்டு மீட்டர் எகிறிவிட்டது. ஊர் முழுக்கத் தண்ணீர்க் கசிவு கண்டுபிடிக்கிறவர் வீட்டிலேயே கசிவா! மீட்டருக்கு மானப் பிரச்சினை. பிளம்பரைக் கூட்டி வந்து சமையலறைத் தரையை இரண்டு இடத்தில் உடைத்துப் பார்த்தார். குழாயெல்லாம் கல்லு மாதிரி இருந்தது.

"தண்ணி எங்கயோ போகுது சார்," என்றான் பிளம்பர், கையைத் துடைத்துக்கொண்டே. "ஆனா குழாய் வழியாப் போகலை."

சைரன் அன்றைக்குப் பூராவும் வாயைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று தெரு விசாரித்தது.

செடிகள் மட்டும் கொழுகொழு என்று இருந்தன. இலை உள்ளங்கை அகலம், சாம்பல் போய்ப் பச்சை ஏறி, காற்றடித்தால் சலசலவென்று ஆடும். சோப்புவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் கைராசிக்கா! கல்லுல வச்சேன், பாருங்க!" என்பாள். இலையைக் கிள்ளி மூக்கில் வைத்து, "செம வாசம்" என்பாள். அவள் மூக்குக்குச் செங்கல்லைக் கொடுத்தாலும் செம வாசம்தான்.

ஒரே ஒரு வரிசை மட்டும் சவலைப் பிள்ளையாக நின்றது. அது தச்சர் வீட்டுச் சுவரோரம் இருந்த வரிசை.

தச்சரைப் பற்றிச் சொல்லவில்லை, பாருங்கள். நிலத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய பட்டறை. மனைவி போய் ரொம்ப வருஷம் ஆகிறது. இவர்கள் வீட்டு வாசல்கதவைச் செய்தவர் அவர்தான். மழைக்காலம் வந்தால் அந்தக் கதவு உப்பி நிற்கும், தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். "கதவு கோணல்" என்றாள் சைரன். "சுவர்தான் கோணல், கதவு நேரு" என்றார் தச்சர். ரூமுக்கு அளந்த மேஸ்திரிதான் அந்தச் சுவரைக் கட்டியவர், அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் கதவுதான் கோணல் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் தச்சரோடு பேசுவதில்லை. அவரோ நாள் முழுக்க அந்தக் குட்டைச் சுவருக்குப் பக்கத்தில்தான் இழைத்துக்கொண்டிருப்பார். கிட்டே போனால் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் பேச வேண்டும். அதனால் சைரனின் வாளியும் மீட்டரின் கேனும் அந்த வரிசைக்கு இரண்டு வரிசை முன்னாலேயே நின்றுவிடும். அவர் பட்டறை மரத்தூள் வேறு பறந்து வந்து அந்த வேரடியில்தான் விழும்.

அந்த வரிசைச் செடிகள் முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. இலை சுருங்கி, வெளுத்து, கிழவன் காது மாதிரி இருந்தன. சோப்பு லீவு நாளில் அங்கேதான் ரொம்ப நேரம் உட்கார்ந்து களை எடுப்பாள், நோஞ்சான் பிள்ளையிடம் அம்மாவுக்குப் பாசம் அதிகம் என்கிற மாதிரி. அவள் மட்டும் தச்சரோடு பேசுவாள். என்ன பேசினார்கள் என்பது இழைப்புளிச் சத்தத்தில் என் ஜன்னலுக்கு வந்து சேரவில்லை. அதனால் நானே யோசித்து ஒரு முடிவுக்கு வந்து, அதைப் பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவைத்தேன்.

மொட்டு விடும் காலம் வந்தது. எண்ணெய்க்காரம்மாவின் வேனும் வந்தது.

பனி உலர்ந்த பிறகு வருகிறேன் என்று சொல்லியிருந்தாளாம். வேனிலிருந்து இறங்கினாள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. சோப்பு லீவு போட்டு, இருப்பதிலேயே நல்ல உடுப்பு உடுத்தி நின்றாள். மீட்டர் செருப்போடு படியில் இருந்தார். மேஸ்திரியை யார் வரச் சொன்னார்கள் என்று தெரியாது. நூல் உருண்டையும் முளைக்குச்சிகளுமாக ஒரு ஓரத்தில் நின்றார். சைரன் எண்ணெய்க்காரம்மாவுக்கு நாற்காலி கொண்டு வந்து போட்டாள். அதில் யாரும் உட்காரவில்லை.

எண்ணெய்க்காரம்மா செடிகளைப் பார்க்கவே இல்லை. ஒரு இலையைக் கிள்ளி, மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மோந்தாள். அடுத்த வரிசைக்குப் போனாள், இன்னொரு மணிக்கட்டு. பிறகு முழங்கை. கையில் இடம் தீர்ந்ததும் நின்றாள்.

"நல்லா வளர்த்திருக்கே," என்றாள்.

சோப்பு முகம் மலர்ந்தது.

"கீரை."

"என்னம்மா?"

"கீரைம்மா இது. வேகவச்சுச் சாப்பிடலாம். எண்ணெய்க்கு ஆகாது. மலை வாசம்னு சொன்னேனே, இதுல தண்ணி வாசம்தான் இருக்கு. என்ன இப்படி ஊட்டி வளர்த்திருக்கே?"

"நான் ஊட்டவே இல்லையே," என்றாள் சோப்பு. "ஒரு சொட்டுக்கூட..."

வாஷிங் மெஷின் சத்தம் அவள் காதில் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஜன்னலில் நின்ற எனக்கே கேட்டது.

மேஸ்திரி ஒரு குச்சியைத் தரையில் ஊன்றினார்.

சைரன் வாய்விட்டுச் சிரிப்பாள், இல்லாவிட்டால் நாகரிகத்துக்காக உள்ளே போய்ச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எண்ணெய்க்காரம்மா முன்னால் போய் நின்றாள்.

"யாரைப் பார்த்துக் கீரைங்கிறீங்க? எங்க வீட்டுப் பொண்ணு கல்லுல நட்டு வளர்த்த செடி. இப்படி ஒரு இலை மலையில உண்டா? விடிஞ்சும் விடியாம வாளி தூக்கி வாளி தூக்கி என் இடுப்பே போச்சு, நீங்க மோந்து பார்த்துட்டு கீரைங்கிறீங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

"வாளியா?" என்றாள் சோப்பு.

"வாளியா?" என்றார் மீட்டரும், படியிலிருந்து எழுந்து. "அப்ப தரையை எதுக்கு உடைச்சேன் நான்?"

"ஏங்க, இப்ப அதுவா முக்கியம்?"

"தினமுமா ஊத்தினே?"

"ரெண்டு வாளி. ரெண்டே ரெண்டு."

"வரிசைக்கா அண்ணி, மொத்தத்துக்கா?" என்றாள் சோப்பு.

மீட்டர் தொண்டையைச் செருமினார். பொய் சொல்லத் தெரியாதவர்கள் இப்படித்தான், யாரும் கேட்காதபோதே மாட்டிக்கொள்வார்கள்.

"நானும் சாயங்காலம் ஒரு கேன்... ஆபீஸ் தண்ணிதான். உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னு..."

சோப்பு அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். அழப்போகிறாளா அடிக்கப்போகிறாளா என்று தெரியவில்லை. "அன்னைக்கு ஊரே கேட்கக் கத்தினீங்களே அண்ணி, ஒரு சொட்டு கூடாதுன்னு. சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருந்தா நான் பொழைச்சிருப்பேனே!" என்றாள்.

"நான் எந்தச் சொல்லைத்தான் காப்பாத்தியிருக்கேன்?" என்றாள் சைரன். அவள் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை.

எண்ணெய்க்காரம்மாவுக்கு இந்தக் குடும்பக் கதையில் ஆர்வமில்லை. வேனைச் சுவரோரம் நிழலில் நிறுத்தியிருந்தாள். செடிகளுக்கு ஊடே அந்தப் பக்கம் நடந்தாள். அவள் உடுப்பின் விளிம்பு அந்தச் சவலை வரிசையில் உரசிக்கொண்டு போயிற்று. பாதி வழியில் நின்றாள். கண்ணாடியைக் கழற்றினாள். குனிந்து ஒரு இலையைக் கிள்ளினாள். கையில் தேய்க்க இடமில்லாததால் கழுத்தில் தேய்த்துக்கொண்டாள்.

"இது யாரு செடி?"

"அதுவும் என்னுதுதான்," என்றாள் சோப்பு. "அது சரியா வரலை."

"இதுதான் வந்திருக்கு. இதுக்கு யாரு தண்ணி ஊத்தினா?"

இழைப்புளிச் சத்தம் நின்றது. சுவருக்கு மேலே தச்சர் தலை தெரிந்தது, முடியெல்லாம் மரச்சுருள்.

"யாரும் ஊத்தலைங்க. நான் இந்தப் பக்கம் இருக்கேன்ல? அந்த வீட்டு ஆளுங்க யாரும் கிட்ட வர மாட்டாங்க. அதான் தப்பிச்சுது."

எண்ணெய்க்காரம்மா வேனிலிருந்து அரிவாளை எடுத்து வந்தாள். பச்சைத் தண்டு கொஞ்சம் மிச்சம் இருக்கிற மாதிரி, கட்டைத் தண்டில் கை வைக்காமல் அந்த ஒரு வரிசையை அறுத்தாள். ஒரு சாக்குகூட நிறையவில்லை. ஆனால் காசைக் கையில் கொடுத்தாள். மற்றதையெல்லாம் அதே மாதிரி நறுக்கிப் போட்டுவிட்டு ஒரு வருஷம் பட்டினி போடச் சொன்னாள். இந்த வரிசையிலிருந்து கிளை எடுத்துப் புதிதாக நடவும் சொன்னாள்.

"அடுத்த வருஷம் எல்லாம் இது மாதிரி இருந்தா எல்லாத்தையும் எடுத்துக்கிறேன். இன்னொரு தடவை கீரை காட்டினா நான் வர மாட்டேன்."

வேன் போன பிறகு மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். "ஒரு வரிசைதானேம்மா வாங்கினாங்க. மிச்ச இடம் இருக்கே. நூலை எங்க கட்ட?"

எல்லோரும் சைரனைப் பார்த்தார்கள். ஒரே ஒரு சாக்கு. அதுவும் நிறையாத சாக்கு. இது வாங்கினதா வாங்காததா என்று வாதாடினால் அவள் ஜெயித்திருப்பாள். வாதாடி அவள் தோற்றதாகச் சரித்திரமே இல்லை.

"உங்க மூக்குல கட்டுங்க," என்றாள். "வாங்கினா நிலம் செடிக்குன்னு அவரு சொன்னாரு. வாங்கிட்டாங்க. எங்க வீட்டுல சொன்ன சொல்லை யாராவது ஒருத்தராவது காப்பாத்தட்டும்."

அதற்கடுத்த வருஷம் அந்த வீட்டில் யார் ரொம்பக் கஷ்டப்பட்டது தெரியுமா? சைரன்தான். நறுக்கிப் போட்ட செடி வெயிலில் நிற்கிறதைப் பார்க்க முடியாமல் பின்பக்க ஜன்னலுக்குத் திரை போட்டாள். மீட்டர் பின்குழாயின் திருகைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டே ஆபீஸ் போனார். "அது நாக்கு தொங்கிப்போய் நிக்குதுடி, ஒரு சொம்பு, ஒரே ஒரு சொம்பு," என்று சைரன் சோப்புவிடம் கெஞ்சியதை நானே கேட்டேன். சோப்பு மசியவில்லை. மொட்டு விட்டபோது எல்லா வரிசையும் கிழவன் காதாக இருந்தது. எங்கள் தெருவிலேயே மலை வாசம் வந்தது. வேன் நிறைந்து போயிற்று. இலை போக, அறுக்காமல் விட்ட ஓரச் செடிகளின் பூவுக்கு வந்த தேனீக்களால் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தேன் விற்றுக் கொஞ்சம் பார்த்தார்.

இனி யார் யார் எங்கே போனார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

சோப்புவுக்கும் தச்சருக்கும் கல்யாணம் என்று நான் சொல்லிவைத்தது நடக்கவில்லை. அவர்கள் சுவரோரம் பேசியதெல்லாம் இலையை நிழலில் உலர்த்துகிற தட்டுகளைப் பற்றியாம். அடி அளவு, சட்ட அளவு. தட்டு செய்தவர் அப்புறம் எண்ணெய்க்காரம்மாவுக்குப் பெட்டி செய்து கொடுத்தார். பெட்டியைப் பார்க்க அவள் வந்தாள், பெட்டி சரியா என்று பார்க்க இவர் போனார். இரண்டு வருஷம் பெட்டி செய்தார்கள். கடைசியில் தச்சர் அவளையே கட்டிக்கொண்டு, ஆவிப் பானை இருக்கிற ஊருக்குக் குடிபோய்விட்டார். போவதற்கு முன்னால் வாசல்கதவை இழைத்துச் சரி செய்து கொடுத்தார், சுவர்தான் கோணல் என்று சொல்லிக்கொண்டே. மரத்தூள் படிந்த அவருடைய பட்டறை மனையில் இப்போது சோப்பு குத்தகைக்குச் செடி போட்டிருக்கிறாள். உலர்த்துகிற கொட்டகையை அங்கே கட்டியது அதே மேஸ்திரிதான். அதன் கதவும் மழைக்காலத்தில் உப்புகிறது.

இரட்டைப் பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகின்றன, இப்போது மற்ற பிள்ளைகளைக் கடிக்கின்றனவாம். சோப்பு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஹோட்டல் வேலையை விட்டுவிட்டாள். வீடும் அவளிடமே இருக்கிறது, ஏனென்றால் மீட்டர் ஓய்வு பெற்றதும் அவரும் சைரனும் மகனோடு இருக்க நகரத்துக்கு, ஏழாவது மாடிக்குப் போய்விட்டார்கள். போகும்போது சைரன் ஒரு சாம்பல் இலைச் செடியைத் தொட்டியில் வாங்கிக்கொண்டு போனாள். அது அழுகிப்போயிற்று என்று போன் வந்தது. சோப்பு இன்னொன்று அனுப்பினாள். அதுவும் அழுகிப்போயிற்று. இப்போது மூன்றாவது போயிருக்கிறது. தொட்டி மீட்டருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம், குழாய்த் திருகு அவர் தலையணைக்கு அடியில்.